மஞ்சள் விலைக்குப் போட்ட டூல்பார்: ஒரு நிகழ்வு ஆய்வு

2012 கோடையில் பெருந்துறையில் ஒரு மஞ்சள் கமிஷன் கடைக்குப் போயிருந்தேன். மின்வெட்டு உச்சத்தில் இருந்த வருஷம். இன்வெர்ட்டர் தாங்குகிற கொஞ்ச நேரத்துக்குள் விலையைப் பார்த்து, பில்லைப் போட்டு, மெயிலையும் அனுப்பிவிட வேண்டும். கடைக்காரர் இன்டர்நெட் எக்ஸ்புளோரரைத் திறந்தார். அது திறப்பதற்குள் வந்த டீயைக் குடித்து முடித்துவிட்டோம். திறந்த பிறகு பார்த்தால் திரையின் மேல்பகுதி முழுக்க அடுக்கடுக்காகப் பட்டைகள், டூல்பார் என்பார்களே, அவை. எண்ணிப் பார்த்தேன், ஐந்து. 15 இன்ச் மானிட்டரில் ஐந்து பட்டை போக மிச்சமிருந்த இடத்தில், கதவிடுக்கு வழியாக எட்டிப் பார்க்கிற மாதிரிதான் தளம் தெரிந்தது.

அந்த ஐந்தில் மேலிருந்து மூன்றாவது நான் செய்தது.

"ஏனுங் தம்பி, வெல பாக்கத்தானுங்க இதப் போட்டேன். இப்ப எதத் தட்டுனாலும் வேற எங்கியோ போயி நிக்குதுங்க" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, மாடு பால் சரியாகக் கறக்கவில்லை என்று டாக்டரிடம் சொல்கிற மாதிரி சொன்னார். நான் தலையை ஆட்டிவிட்டு மௌஸை வாங்கினேன். அந்தப் பட்டையைச் செய்தவன் நான்தான் என்று அன்றைக்கு அவரிடம் சொல்லவில்லை.

இது எப்படி நடந்தது என்று முதலிலிருந்து எழுதி வைக்கிறேன். இதே மாதிரி ஏதாவது ஒன்றைத் தலையில் கட்டிக்கொள்ள இன்றைக்கும் ஆட்கள் தயாராக இருக்கிறார்கள். பெயர் மட்டும்தான் மாறியிருக்கிறது.

அப்போது கோவை காந்திபுரத்தில் இரண்டு பேரை வைத்துக்கொண்டு வெப்சைட் செய்துகொண்டிருந்தேன். ஈரோட்டில் எனக்குத் தெரிந்த ஓர் அண்ணன், குடும்பமே மஞ்சள் மண்டி, 2008இலிருந்து மஞ்சள் விலையைப் போடுகிற தளம் ஒன்றை நடத்தி வந்தார். ஈரோட்டுப் பக்கம் இருப்பவர்களுக்கு இது தெரியும்: ஏலம் ஓர் இடத்தில் நடப்பதில்லை. ஈரோடு ஒழுங்குமுறை விற்பனைக்கூடம், பெருந்துறை ஒழுங்குமுறை விற்பனைக்கூடம், ஈரோடு சொசைட்டி, கோபி சொசைட்டி என்று நாலு இடம். ஒவ்வொன்றிலும் விரலி மஞ்சளுக்கு ஒரு விலை, கிழங்கு மஞ்சளுக்கு ஒரு விலை, அதிலும் குறைந்தது எவ்வளவு, அதிகம் எவ்வளவு என்று இரண்டிரண்டு எண். ஆக மொத்தம் பதினாறு எண். அந்தப் பதினாறு எண்தான் தளத்தின் உயிர். சாயங்காலம் ஏலம் முடிந்ததும் அண்ணன் நாலு இடத்துக்கும் போன் போட்டுக் கேட்டு அவரே தட்டி ஏற்றுவார்.

2010இல் மஞ்சள் விலை ஏறிய ஏற்றம் எல்லாருக்கும் நினைவிருக்கும். அந்த வருஷம் தளத்துக்குக் கூட்டம் வந்தது. ஆனால் வந்தவர்கள் பதினாறு எண்ணைப் பார்த்தார்கள், அரை நிமிஷத்தில் போய்விட்டார்கள். வேறு எதையும் தொடவில்லை. விளம்பரத்தில் வந்த காசு ஹோஸ்டிங்குக்கே, அதாவது தளத்தை நெட்டில் வைத்திருக்கிற வாடகைக்கே, பற்றவில்லை. "ஆளு வாராங்க, பாக்குறாங்க, போயிர்றாங்க. நம்ம கடை வாசல்லயே நிக்கிற மாதிரி ஒண்ணு பண்ண முடியாதுங்களா தம்பி?" என்று அண்ணன் கேட்டார். கேள்வியில் தப்பே இல்லை. தளம் நடத்துகிற எல்லாருக்கும் இருக்கிற ஏக்கம்தான் அது.

அந்த ஏக்கத்தை மட்டுமே மூலதனமாக வைத்து ஒரு தொழிலே நடந்துகொண்டிருந்தது. 'உங்கள் தளத்துக்கென்று சொந்த டூல்பார், இலவசமாக, ஐந்தே நிமிஷத்தில்' என்று கூப்பிடுகிற கம்பெனிகள். நாங்கள் போய்ச் சேர்ந்த கம்பெனியின் பெயரை எழுதப்போவதில்லை. வெளிநாட்டுக் கம்பெனி, இப்போது அந்தச் சேவை இல்லை, அவ்வளவு போதும்.

பின்னணியைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் மிச்சம் புரியாது. பிரவுசரில் பட்டை ஒட்டுகிற வழக்கம் பழையது. 1997இல் வந்த இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 4, வெளியார் எழுதிய நிரல் பிரவுசருக்குள்ளேயே உட்கார்ந்து ஓட வழி செய்து கொடுத்தது. அதே வருஷம் அலெக்ஸா (இன்றைய குரல் உதவியாளர் இல்லை, எந்தத் தளத்துக்கு எவ்வளவு கூட்டம் என்று கணக்குப் போட்ட கம்பெனி) தன் டூல்பாரைக் கொண்டு வந்தது. கூகுள் டூல்பார் 2000 டிசம்பரில் வந்தது. அன்றைக்கு அது நிஜமாகவே உபகாரம்தான், இன்டர்நெட் எக்ஸ்புளோரரில் தேடல் பெட்டி என்று தனியாக ஒன்று கிடையாது, பாப்-அப் விளம்பரத்தைத் தடுக்க வழியும் இல்லை. பட்டை ஒட்டினால் தேடல் பெட்டி உடனே கிடைத்தது, பாப்-அப் தடுப்பு 2003இல் அதில் சேர்ந்தது.

யார் வேண்டுமானாலும் ஒரு பட்டை செய்துகொள்ளலாம் என்ற நிலையைப் பெரிய அளவில் கொண்டு வந்தது கான்டியூட். இஸ்ரேல் கம்பெனி, 2005இல் ரோனென் ஷிலோவும் அவருடைய கூட்டாளிகள் இருவரும் தொடங்கியது. தளம் நடத்துபவர் லோகோவை ஏற்றி, எந்தெந்தப் பொத்தான் வேண்டுமென்று இழுத்துப் போட்டால் போதும், ஒரு டூல்பார் தயாராகிவிடும், ஒரு வரி நிரல் எழுத வேண்டியதில்லை. கோடிக்கணக்கான கம்ப்யூட்டர்களில் அது ஏறியது. 2012இல் ஜே.பி. மார்கன் சுமார் 10 கோடி டாலர் போட்டபோது கம்பெனியின் மதிப்பு ஏறத்தாழ 130 கோடி டாலர் என்று கணக்கிட்டார்கள். இலவசமாகப் பட்டை கொடுக்கிற ஒரு கம்பெனிக்குக் காசு எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி பட்டை செய்த அன்றைக்கே எனக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை. இலவசம் என்றதும் கையை நீட்டிவிட்டோம்.

சரி, எங்கள் கதைக்கு வருகிறேன்.

டூல்பார் செய்வது உண்மையிலேயே சுலபமாகத்தான் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உட்கார்ந்தேன். இடது ஓரத்தில் மஞ்சள் கிழங்குப் படத்தோடு தளத்தின் பெயர், அதற்குப் பக்கத்தில் தேடல் பெட்டி, அப்புறம் விலை ஓடுகிற இடம், ஈரோட்டு வானிலை, எஃப்.எம். ரேடியோ, மெயில் வந்தால் மினுக்குகிற ஒரு உறை. விலை ஓடுகிற இடத்தைச் சரி செய்யத்தான் இரண்டு நாள் பிடித்தது. விண்டோஸ் எக்ஸ்பியில் தமிழுக்கான கோப்புகளைத் தனியாக நிறுவாவிட்டால் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாகத் தெரியும். பாதி மண்டிகளில் அதை நிறுவியிருக்கவில்லை. கடைசியில் விரலி, கிழங்கு என்ற இரண்டு சொல்லையும் சின்னப் படமாகச் செய்து ஒட்டினேன். இன்றைக்கு நினைத்தாலும் அந்த ஒரு வேலை மட்டும் எனக்குத் திருப்திதான்.

பட்டையில் இருந்த மற்ற எல்லாமே எங்கள் விருப்பம். வேண்டாத பொத்தானை எடுத்துவிடலாம், நிறத்தை மாற்றலாம், ரேடியோவைத் தூக்கலாம். தேடல் பெட்டியை மட்டும் எடுக்க முடியாது. நகர்த்தக்கூட முடியாது. அப்போது அதைப் பார்த்தேன், 'இருந்துட்டுப் போகட்டும்' என்று விட்டுவிட்டேன்.

நிறுவுகிற திரையில் மூன்று கட்டங்கள் இருந்தன. ஒன்று, முகப்புப் பக்கத்தை இதற்கு மாற்று. இரண்டாவது, இயல்புத் தேடலை (நாம் வேறு எதையும் தேர்ந்தெடுக்காவிட்டால் பிரவுசர் தானாகப் போய்த் தேடுகிற இடம்) இதற்கு மாற்று. மூன்றாவது, முகவரி தப்பாகத் தட்டினால் உதவிப் பக்கம் காட்டு. மூன்றிலும் முன்கூட்டியே டிக் அடித்திருக்கும், 'அடுத்து', 'அடுத்து' என்று தட்டிப் போகிறவர் கண்ணில் படாத அளவில் எழுத்து. இதில் நான் ஒளிக்க விரும்பாத விஷயம் ஒன்று உண்டு. அந்த டிக்கை எடுத்துவிடுகிற வசதி எங்கள் பக்கத்தில் இருந்தது. அமைப்புகளுக்குள் போய் நாலாவது தாவலில் ஒரு பொத்தான். எடுத்தால் எங்களுக்கு வருகிற பங்கு குறையும் என்று கீழேயே எழுதியிருந்தது. அண்ணனுக்கு போன் போட்டேன். "மத்தவங்கெல்லாம் எப்புடி வெச்சிருக்காங்க?" என்றார். டிக்கோடுதான் என்றேன். "அப்பறம் நாம மட்டும் என்னத்துக்குங்க?" என்றார். நானும் சரி என்றேன். கம்பெனி எங்களை ஏமாற்றியது என்று பின்னால் நானே பல பேரிடம் புலம்பியிருக்கிறேன். ஆனால் அந்த ஒரு நிமிஷப் பேச்சில் ஏமாற்றியது நாங்கள் இரண்டு பேரும்தான்.

காசு எப்படி வந்தது என்பதை மண்டிக் கணக்கில் சொன்னால் அண்ணனுக்குப் புரிந்தது, அதனால் அப்படியே எழுதுகிறேன். மண்டியில் விவசாயி மஞ்சளைக் கொண்டு வருகிறார், வியாபாரி வாங்குகிறார், நடுவில் மண்டிக்காரருக்குக் கமிஷன். டூல்பாரில் சரக்கு என்பது வாசகர் தேடல் பெட்டியில் தட்டுகிற சொல். 'சொட்டு நீர்ப் பைப்' என்று ஒருவர் தட்டினால், அந்தச் சொல்லுக்கு எதிரே விளம்பரம் போட ஒரு பைப் கம்பெனி காசு கொடுக்கத் தயாராக இருக்கிறது. அந்தக் காசு முதலில் தேடல் பொறிக் கம்பெனிக்குப் போகும், அதில் ஒரு பங்கு டூல்பார் கம்பெனிக்கு, அதில் ஒரு துண்டு எங்களுக்கு. மண்டிக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் ஒன்றே ஒன்று: மஞ்சள் மூட்டையோடு வருகிற விவசாயிக்குத் தான் சரக்கு கொண்டு வந்திருக்கிறோம் என்று தெரியும். எங்கள் வாசகருக்கு அது தெரியாது. அவர் விலை பார்க்க வந்தார், போகும்போது அவருடைய மூட்டையை நாங்கள் இறக்கி வைத்துக்கொண்டோம்.

ஆக, எங்கள் மஞ்சள் விலை, வானிலை, ரேடியோ எல்லாம் தேடல் பெட்டியை ஒரு கம்ப்யூட்டருக்குள் கொண்டு சேர்க்கிற வண்டிதான். நாங்கள் பப்ளிஷர் என்று நினைத்துக்கொண்டிருந்தோம், வேலை என்னவோ டெலிவரி. கான்டியூட்டின் அந்த 130 கோடி டாலர் மதிப்பும் இதே இடத்திலிருந்துதான் வந்திருக்க வேண்டும் என்பது எனக்குப் பின்னால்தான் உறைத்தது.

இயல்புத் தேடல் என்கிற அந்த ஒரு டிக்குக்கு இவ்வளவு மதிப்பா என்று சந்தேகம் இருந்தால், பெரிய இடத்துக் கணக்கு ஒன்றைப் பாருங்கள். அமெரிக்க அரசு கூகுள் மீது போட்ட தேடல் ஏகபோக வழக்கில் வெளியே வந்தது இது: பிரவுசர்களிலும் போன்களிலும் தன்னையே இயல்புத் தேடலாக வைக்கச் சொல்லி கூகுள் 2021இல் கொடுத்த மொத்தத் தொகை 2,630 கோடி டாலர். 2022இல் ஆப்பிளுக்கு மட்டும் 2,000 கோடி. 2024 ஆகஸ்டில் நீதிபதி அமித் மேத்தா, கூகுள் சட்டவிரோதமாக ஏகபோகத்தைக் காத்தது என்று தீர்ப்பு எழுதினார். ஆட்கள் மாற்றமாட்டார்கள் என்று தெரிந்துதானே அவ்வளவு பணம் கொடுக்கிறார்கள். ஈரோட்டு மண்டியில் அண்ணனும் நானும் எடுக்காமல் விட்ட டிக்கும் அதே சாதி, அளவுதான் சின்னது.

முதல் ஆறு மாதம் நன்றாகத்தான் போனது. அண்ணன் மண்டி மண்டியாக ஏறி இறங்கி நிறுவிக் கொடுத்தார். சில இடங்களில் சி.டி.யில் எழுதி எடுத்துக்கொண்டு போனார், நெட் அவ்வளவு மெதுவு. வந்த பங்கில் ஹோஸ்டிங் கட்டியது போக அவர் ஆபீஸ் டீச் செலவுக்கும் ஆனது. வாசல்லயே நிற்கிறோம் என்ற பெருமை வேறு.

அதற்கப்புறம் மூன்று விஷயம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தது.

எங்கள் பட்டை மட்டும் தனியாக இருக்கவில்லை. இலவச வீடியோ பிளேயர் நிறுவினால் ஒரு பட்டை, பி.டி.எஃப். மாற்றி நிறுவினால் ஒரு பட்டை. ஜாவா மென்பொருளைப் புதுப்பித்தால்கூட ஆஸ்க் என்ற தேடல் கம்பெனியின் டூல்பார் கூடவே வரும், டிக்கை எடுக்க மறந்தால் முடிந்தது. ஒவ்வொன்றும் முந்தையதன் தேடலைத் தட்டிவிட்டுத் தன்னை வைத்துக்கொள்ளும். ஒரே திண்ணைக்கு ஐந்து பேர் சண்டை. இதில் கம்ப்யூட்டர் ஊர்ந்தது, ஏனென்றால் இந்தப் பட்டைகள் எல்லாம் பிரவுசரின் வயிற்றுக்குள்ளேயே ஓடுபவை, ஒன்று தொங்கினால் மொத்தமும் தொங்கும்.

இரண்டாவது, சண்டை முற்றியதும் எங்கள் கம்பெனி ஒரு காவலாளியை அனுப்பியது. புதுப்பிப்பு என்ற பெயரில் தானாகவே வந்து இறங்கிய தனி நிரல். யாராவது தேடல் அமைப்பை மாற்றினால் திரும்பப் பழையபடி ஆக்கிவிடுவதுதான் அதன் வேலை. மற்றப் பட்டைகளிடமிருந்து பாதுகாப்பு என்று சொன்னார்கள், சரி, ஆனால் கம்ப்யூட்டரின் சொந்தக்காரரே மாற்றினாலும் அது மாற்றிவிடும். அதற்கு எல்லாரும் ஒன்றுதான். இது இறங்கியதைப் பற்றி எங்களுக்கு ஒரு மெயில்கூட வரவில்லை. பட்டையில் இருந்தது எங்கள் லோகோ, எங்கள் பெயர், எங்கள் மஞ்சள் கிழங்குப் படம். சாவி மட்டும் எங்களிடம் இல்லை.

மூன்றாவது, நீக்கினாலும் நீங்காது. பெருந்துறைக் கடையில் அன்றைக்கு நான் பட்ட பாட்டை எழுதினால்தான் இது புரியும். கன்ட்ரோல் பேனலில் போய்ப் பட்டையை நீக்கினேன், பட்டை போனது. பிரவுசரைத் திறந்தால் முகப்புப் பக்கம் அதே தேடல் பக்கம். முகப்பை மாற்றினேன், மூடித் திறந்தேன், திரும்ப அதே. காவலாளியைக் கண்டுபிடித்து நீக்கினேன். திரும்ப அதே. அதற்குள் இன்வெர்ட்டர் கத்த ஆரம்பித்தது. ஃபயர்ஃபாக்ஸ் இருந்தது, அதில் அமைப்புப் பட்டியலுக்குள் போய் முகவரிப் பட்டையில் தட்டுகிற சொல் எங்கே போக வேண்டும் என்கிற ஒரு வரியைப் பழையபடி ஆக்கினேன். டெஸ்க்டாப்பில் உள்ள ஐகானைத் தட்டினால், மறுபடியும் அதே பக்கம். அரை மணி நேரம் முட்டிக்கொண்டேன். கடைசியில் அந்த ஐகானின் மேல் வலது கிளிக் செய்து பண்புகளைப் பார்த்தால், 'இலக்கு' என்ற பெட்டியில் நிரலின் பாதை மேற்கோள் குறியோடு முடிந்த பிறகு, ஓர் இடைவெளி விட்டு, அந்தத் தேடல் பக்கத்தின் முகவரி ஒட்டியிருந்தது. பெட்டி சின்னது, கர்சரை ஓரம் வரை நகர்த்தினால்தான் தெரியும். அதை ஒட்டியது எந்தப் பட்டை என்று கண்டுபிடிக்க வழியில்லை, ஐந்தில் எதுவாகவும் இருக்கலாம், எங்களுடையதாகவும் இருக்கலாம். பின்னால் ஆட்வ்கிளீனர் என்ற சின்னக் கருவி இந்த வேலையை எல்லாம் ஒரே சொடுக்கில் செய்தது. ஒரு பென்டிரைவில் அதைப் போட்டு வருஷக்கணக்கில் சட்டைப்பையிலேயே வைத்திருந்தேன்.

அன்றைக்கு சாயங்காலம் ஈரோட்டுக்கே போய் அண்ணனைப் பார்த்தேன். விஷயத்தைச் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி: "எத்தன கடையிலீங்க போட்டிருக்கோம்?" மண்டிக் கணக்கு எழுதுகிற நீள நோட்டில் யார் யாருக்கு நிறுவினோம் என்று வரிசையாக எழுதி வைத்திருந்தார். கம்பெனியின் புள்ளிவிவரப் பக்கத்தைவிட அந்த நோட்டுத்தான் உதவியது. அடுத்த ஒரு மாதம் ஒவ்வொரு கடையாகப் போனோம். சிலர் திட்டினார்கள். ஒரு பெரியவர் கழற்ற வேண்டாம் என்றார், ரேடியோ கேட்கிறாராம். தொலைவில் இருந்தவர்களுக்காகத் தளத்தில் படம் போட்டு, எதை எதைத் தட்டி எப்படிக் கழற்றுவது என்று தமிழில் ஒரு பக்கம் எழுதினேன். அந்தத் தளத்தில் விலைக்கு அடுத்தபடி அதிகம் பேர் பார்த்த பக்கம் அதுவாகத்தான் இருந்தது. மஞ்சளுக்குச் சம்பந்தமே இல்லாதவர்களெல்லாம் வேறு வேறு பட்டைகளைக் கழற்ற அங்கே வந்தார்கள். காசுக்கு எங்களுக்கு ஆன நஷ்டம் ஒன்றுமில்லை. ஆனால் மஞ்சள் விலையும் 2012இல் தரையில் கிடந்த நேரம், விவசாயி வயிறெரிந்து கிடக்கும்போது நம் பெயரில் இப்படி ஒன்று என்பதுதான் அண்ணனை உறுத்தியது.

பட்டைத் தொழிலை முடித்து வைத்தது எங்களைப் போன்றவர்களின் மனசாட்சி இல்லை, பிரவுசர்கள்தான். 2008இல் வந்த கூகுள் குரோம் முகவரிப் பெட்டியையும் தேடல் பெட்டியையும் ஒன்றாக்கிவிட்டது, பழைய மாதிரிப் பட்டைக்கு இடமே கொடுக்கவில்லை. 2011இல் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 9, எந்தத் துணைநிரல் (பட்டை மாதிரி பிரவுசரில் ஒட்டிக்கொள்கிறவை) எத்தனை நொடி இழுக்கிறது என்று கணக்கோடு காட்டி 'நிறுத்தட்டுமா?' என்று கேட்டது. அதே வருஷக் கடைசியில் ஃபயர்ஃபாக்ஸ் 8, வேறு மென்பொருள் திருட்டுத்தனமாகச் செருகுகிற துணைநிரல்களைப் பயனர் சம்மதிக்கும்வரை முடக்கி வைத்தது. 2014 மே மாதத்தில் விண்டோஸ் குரோமில், கூகுளின் சொந்தக் கடைக்கு வெளியிலிருந்து வரும் துணைநிரல்களுக்குத் தடை. இந்தக் காவலில் கூகுளுக்கு லாபம் இல்லையா என்றால், இருக்கிறது. தேடல் பெட்டியை மற்றவர்கள் திருடாமல் பார்த்துக்கொண்டது, தேடலில் காசு பார்க்கிற அதே கம்பெனிதான்.

கான்டியூட் இதை முன்கூட்டியே பார்த்திருக்க வேண்டும். பக்கத்தின் அடியில் பட்டை போடுகிற விபியாவை 2011இல் வாங்கியது, மொபைல் ஆப் செய்து கொடுக்கிற சேவையையும் தொடங்கியது. டூல்பார் பிரிவைப் பிரித்து பெரியன் என்ற கம்பெனியோடு சேர்த்தது, 2013இல் அறிவித்து 2014 ஜனவரியில் முடிந்த இணைப்பு. மிச்சம் இருந்த கம்பெனி பின்னால் கோமோ என்று பெயர் மாற்றிக்கொண்டு சின்னக் கடைகளுக்கு ஆப் செய்து கொடுத்தது. கூகுள் டூல்பாரே 2021 டிசம்பரில் மூடப்பட்டது, அலெக்ஸா 2022 மே மாதம், இன்டர்நெட் எக்ஸ்புளோரர் அதே வருஷம் ஜூன்.

நாங்களும் பட்டையை விட்டு ஆப்புக்குத்தான் போனோம். புத்தி வந்திருந்தால் கொஞ்சம் நின்று யோசித்திருப்போம். 2013இல் 'உங்கள் தளத்தை ஆப் ஆக்குங்கள், நிரல் தேவையில்லை' என்று வேறொரு கம்பெனி கூப்பிட்டது, மாத வாடகை. வாக்கியம்கூடப் பழைய வாக்கியம்தான். இந்த முறை தேடல் பெட்டி எங்கே என்று முதலில் தேடினேன், இல்லை, சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டோம். வேறு இடத்தில் மாட்டினோம். போனில் ஆப் இறக்குகிற கடையில் எங்கள் ஆப்பை ஏற்றியது அந்தக் கம்பெனியின் கணக்கிலிருந்து. நிறுவியவர்கள், போட்ட நட்சத்திரங்கள், எழுதிய கருத்துகள் எல்லாம் அவர்கள் கணக்கில். ஒன்றரை வருஷம் கழித்து வாடகை ஏறியபோது வேண்டாம் என்றோம், மறுநாள் ஆப் இல்லை. விலை பார்க்கிறவர்களின் போனில் ஐகான் இருந்தது, தட்டினால் வெள்ளைத் திரை.

இந்த வியாதி ஊருக்கே இருந்தது. 2017இல் ஆப்பிள், வார்ப்பில் ஊற்றி எடுக்கிற ஆப்களுக்கு எதிராகத் தன் விதியை இறுக்கியது. சின்னக் கடைக்காரர்கள் பாதிக்கப்படுவார்கள் என்று சத்தம் எழுந்ததும் அந்த வருஷக் கடைசியில் கொஞ்சம் தளர்த்தியது: வார்ப்பில் செய்தாலும் பரவாயில்லை, ஆனால் யாருடைய சரக்கோ அவரே தன் கணக்கிலிருந்து அனுப்ப வேண்டும். எங்களுக்கு மூன்று வருஷம் முந்தி வந்திருக்க வேண்டிய விதி.

அடுத்த முறை கூகுள் பிளேயில் அண்ணன் பெயரிலேயே கணக்குத் திறந்தோம், ஒரே தடவை 25 டாலர். ஆப் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, திறந்தால் பதினாறு எண், கீழே இழுத்தால் நேற்றைய பதினாறு எண். என்னிடம் வேலை பார்த்த பையன் ஒரு வாரத்தில் செய்தான். நன்றாகத்தான் ஓடியது. 2016இல் ஜியோ வந்து எல்லார் கையிலும் நெட் வந்த பிறகு, ஏலம் முடிந்த கையோடு விற்பனைக்கூடத்துப் பலகையைப் போட்டோ பிடித்து வாட்ஸ்அப் குழுவில் போட ஆரம்பித்தார்கள். அண்ணன் போன் போட்டுக் கேட்டு, தட்டி ஏற்றுவதற்குள் எல்லார் கையிலும் விலை இருந்தது. கொஞ்ச நாள் மல்லுக்கட்டினார். அப்புறம் அவரே ஒரு குழு தொடங்கினார், இப்போது அந்த மாதிரி நாலு குழு, நாலிலும் ஆள் நிரம்பி வழிகிறது. தளம் இன்னும் இருக்கிறது, பழைய வருஷத்து விலை வேண்டுமென்று வக்கீலோ பேங்க்காரரோ கேட்டால் அங்கிருந்து எடுத்துக் கொடுக்கிறார்.

போன வருஷம் பழைய ஹார்ட் டிஸ்க் ஒன்றைப் புது லேப்டாப்பில் மாட்டி, பிள்ளைகள் போட்டோவைத் தேடிக்கொண்டிருந்தேன். ஓரத்தில் எச்சரிக்கை வந்தது: வேண்டாத மென்பொருள் ஒன்று பிடிபட்டது, தனிமைப்படுத்தியாகிவிட்டது. கோப்பின் பெயரைப் பார்த்தால் எங்கள் டூல்பார். திரையை அப்படியே போட்டோ எடுத்து அண்ணனுக்கு அனுப்பினேன். கொஞ்ச நேரம் கழித்துக் குரல் பதிவு வந்தது, பின்னால் ஏலக்காரர் கத்துகிற சத்தம். "அந்த வெரலி, கெழங்கு படம் நல்லாத்தானுங்க இருந்துச்சு. அத மட்டும் எடுக்க முடியுமான்னு பாருங்க தம்பி, குரூப்புக்கு வெச்சுக்கலாம்."